கேஸ் நாய்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை என்னிடம் கேட்டாள். "டீச்சர், பத்துல மூணு போனா ஏழு. சரி. அந்த மூணு எங்க போச்சு?" வகுப்பே சிரித்தது. "அது இந்தக் கணக்குல இல்லம்மா" என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு இந்த நாய்கள் காப்பகத்துக்கு வரத் தொடங்கியதிலிருந்து அந்தக் கேள்வி அடிக்கடி ஞாபகம் வருகிறது. வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் தோப்பிலிருந்தும் கழிக்கப்பட்டவை எல்லாம் இங்கேதான் கிடக்கின்றன.

இன்று ஒன்று வந்தது. வக்கீல் ரஹ்மத் நிஷாவும் ஸ்டேஷன் ஏட்டு ஒருவரும் கொண்டுவந்தார்கள். காப்பகத்தின் சட்ட வேலைகளை ரஹ்மத்தான் பார்க்கிறாள். பைபாஸ் பக்கம் ஜெயசீலன் என்பவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். அங்கே காவலுக்குக் கட்டிப்போட்டிருந்த நாய் இது. எதிரே டீக்கடை வைத்திருப்பவர்தான் போன் செய்து சொன்னார். புகாரில் கையெழுத்துப் போட அவருக்குப் பயம். "டீச்சர் கையெழுத்துன்னா ஸ்டேஷன்ல கொஞ்சம் மதிப்பாங்க" என்று ரஹ்மத் சொன்னாள். நேற்று நான் போட்டுக்கொடுத்தேன்.

கழுத்தில் கட்டுக்கம்பி. கட்டட வேலையில் முறுக்கிக் கட்டுவார்களே, அந்த மெல்லிய கம்பி. சதைக்குள் இறங்கி, மேலே தோல் மூடத் தொடங்கியிருந்தது. முதுகில் வட்ட வட்டமாகச் சூட்டுத் தழும்பு. உடம்பெல்லாம் கிரீஸும் இரும்புத்தூளும் அப்பிக்கிடந்தது. நாற்றம் தாங்கவில்லை.

"கவர்மென்ட் டாக்டர் கோமாரி ஊசி முகாமுக்குப் போயிருக்காராம். அவரு வந்து பாத்து எழுதணும்" என்று சொல்லிவிட்டு ரஹ்மத் கோர்ட்டுக்கு ஓடினாள்.

நானும் இசக்கியப்பனும் வேலையைத் தொடங்கினோம். இசக்கியப்பன் காப்பகத்திலேயே தங்கியிருப்பவர். முன்பு ஆட்டோ ஓட்டினார். அவர் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்ள, நான் சிறிய குறடால் கம்பியை வெட்டி எடுத்தேன். வெந்நீரில் வேப்பிலை போட்டு, சோப்பு போட்டு மூன்று தடவை குளிப்பாட்டினேன். சடையை எல்லாம் கத்தரித்தேன். மஞ்சள் வைத்துக் கட்டுப் போட்டேன்.

"டீச்சர், இது நாயா, கருப்பட்டியா? கழுவக் கழுவக் கரைஞ்சிக்கிட்டே இருக்கே" என்றார் இசக்கியப்பன். அதுவே பெயராகிவிட்டது.

அந்தக் கம்பியைக் கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை. கத்தரித்த முடியோடு சேர்த்துக் குப்பைக் குழியில் போட்டுக் கொளுத்தச் சொன்னேன். பிறகு கருப்பட்டிக்கு என் பூப்போட்ட துண்டைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். இசக்கியப்பன் போனில் ஒரு படம் எடுத்தார். வந்த கோலத்தில் அவளைப் படம் எடுக்க யாருக்கு மனம் வரும்? குழந்தையைக் குளிப்பாட்டி பவுடர் போட்ட பிறகுதானே எடுப்பார்கள்.

மார்ச் 5

கருப்பட்டி சோறு சாப்பிட்டாள். தட்டை வைத்துவிட்டு நான் முதுகைக் காட்டி உட்கார்ந்த பிறகுதான்.

மார்ச் 13, வியாழன்

கால்நடை டாக்டர் இன்றுதான் வந்தார். நல்ல மனிதர், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஊரில் உள்ள மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டு முடித்துவிட்டு வந்தால் எப்படி?

"புண்ணு நல்லா ஆறியிருக்கே. யாரு மருந்து போட்டது? கைராசி" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்து, "கம்பின்னு புகார்ல இருக்கே, கம்பி எங்க?" என்றார்.

இசக்கியப்பன் என்னைப் பார்த்தார். நான் குப்பைக் குழியைப் பார்த்தேன். போன வாரமே சாம்பலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

'கழுத்தைச் சுற்றி ஆறிவரும் காயம். காரணத்தை உறுதியாகக் கூற இயலாது' என்று எழுதினார். முதுகில் இருந்த தழும்புகளையும் நான் காட்டினேன். "சொறி வந்து ஆறுன எடமும் இப்டித்தான் இருக்கும் டீச்சர்."

"நான் பொய் சொல்லுவேனா டாக்டர்?"

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலயே."

பரீட்சையில் பக்கத்தில் போட்ட வழிக்கணக்கை அழித்துவிட்டு விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் மார்க் குறைப்பேன். 'எப்படி வந்ததுன்னு காட்டணும்ல' என்பேன். டாக்டர் கேட்பதும் அதுதான். ஆனால் உயிரும் கணக்கும் ஒன்றா?

மார்ச் 14

ரஹ்மத் வந்தாள். சான்றிதழைப் படித்தாள். நின்றபடியே இரண்டாவது முறை படித்தாள்.

"யாரு குளிப்பாட்டினது?"

நான் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் சேந்துதான் மேடம்" என்றார் இசக்கியப்பன். "நாத்தம்னா நாத்தம். சொல்லி முடியாது."

"முந்தி எடுத்த படம் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது ஒன்றுதான். பூப்போட்ட துண்டில் கருப்பட்டி. பின்னால் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நான். காப்பகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் அதற்கு ஏகப்பட்ட பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ரஹ்மத் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று வெயில் வேறு. யாராக இருந்தாலும் குளிப்பாட்டித்தான் இருப்பார்கள்.

மார்ச் 22

பேன்மருந்து வாங்கவேண்டும். நாலாம் கூண்டின் தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது. கருப்பட்டி இன்று என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கினாள். எழுந்தால் விழித்துவிடுவாளே என்று மருந்துக் கடைக்குப் போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மாதத்தின் கடைசி ஞாயிறு நாய்களைத் தத்தெடுக்க வருகிறவர்களுக்கான நாள். ஆராதனைக்குப் போகாமல் காலையிலேயே இங்கே வந்துவிட்டேன்.

தபால் துறையில் வேலை பார்க்கும் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நாயைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் பாட்டுக்கு என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். கருப்பட்டி தானாக வந்து அவள் சேலைத் தலைப்பை மோந்து பார்த்தாள். முதுகுக்கு மேலே வாலைத் தூக்கி ஆட்டினாள். அவள் அப்படி ஆட்டி இன்றுதான் நான் பார்த்தேன்.

"இவளையே எடுத்துக்கிடுதோம்" என்றாள் அந்தப் பெண்.

இசக்கியப்பன் தலையைச் சொறிந்தார். "அது கேஸ் நாய் அக்கா. கேஸு முடியுற வரைக்கும் கோர்ட்டு சொத்து. யாருக்கும் குடுக்க முடியாது."

"நாயி எப்டிங்க சொத்தாவும்?"

நான் ரஹ்மத்துக்குப் போன் போட்டேன். கோர்ட்டில் மனுப் போட்டுப் பார்க்கலாம், கிடைத்தாலும் கூப்பிடும்போதெல்லாம் நாயைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்றாள். அதற்குள் கணவன் முடிவு செய்துவிட்டார். "வாடகை வீட்டு வாசல்ல போலீசு வந்து நின்னா ஓனரு நம்மளயும் சேத்துல்லா வெளிய தள்ளுவாரு."

அடுத்த கூண்டில் இருந்த வெள்ளைக்குட்டியைக் கொண்டுபோனார்கள். நல்லது. அதுவும் பாவம்தான். ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திருடுபோய்க் கிடைத்த சைக்கிள்கள் ஸ்டேஷன் வாசலில் கேஸ் முடியும்வரை துருப்பிடித்து நிற்குமே, அந்த வரிசையில் இவளையும் நிறுத்திவிட்டார்கள். சைக்கிளுக்காவது யாரோ தொட்டுப் பேசினார்கள் என்ற நினைப்பு இருக்காது.

ஏப்ரல் 11, வெள்ளி

ஜெயசீலன் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். நாய் தன்னுடையது, கேஸ் முடியும்வரை தன்னிடமே இருக்கவேண்டும் என்று. கோர்ட் எஸ்.ஐ.யிடம் அறிக்கை கேட்டிருக்கிறது.

ஹோசூரிலிருந்து மகள் போன். "நாய் வேலையெல்லாம் போதும்மா, இங்க வந்து இருங்க" என்றாள். கேஸ் முடியட்டும் என்றேன். "எந்தக் கேஸு?" என்றாள்.

ஏப்ரல் 16, புதன்

எஸ்.ஐ.யும் ஜெயசீலனும் காப்பகத்துக்கு வந்தார்கள். கொம்பு முளைத்த ஒருவரைத்தான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட, மூட்டுவலியோடு நடக்கிற, என் வயதை ஒட்டிய மனிதர். கையில் ஒரு பொட்டலம் பொறை பிஸ்கட். "வணக்கம் டீச்சர்" என்று கும்பிட்டார்.

கூண்டைத் திறந்தோம். "டைகர்" என்றார், சத்தம் போடாமல்.

கருப்பட்டி வயிறு தரையில் உரசத் தவழ்ந்துகொண்டே போனாள். காது இரண்டும் தலையோடு ஒட்டியிருந்தன. வால் பின்னங்கால்களுக்கு நடுவே மடங்கி, நுனி மட்டும் படபடவென்று ஆடியது. அவர் காலடிக்குப் போய் மல்லாந்து வயிற்றைக் காட்டினாள். போன வழியெல்லாம் சிமெண்டில் ஈரக் கோடு.

"பாத்தீங்களா டீச்சர், எசமானப் பாத்ததும் வாலு என்னமா ஆடுது" என்றார் எஸ்.ஐ.

"சார், அது பாசம் இல்ல, பயம். தரையப் பாருங்க."

"வயசான நாய்க்கு ஒண்ணுக்கு நிக்காதுல்லா."

எனக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தைச் சொன்னேன். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர், பிரம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் வகுப்புக்குள் வருவார். ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்த முகமாக எழுந்து நின்றார்கள். 'ஆசிரியர் மீது மாணவர்களுக்கு மிகுந்த அன்பு' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த வகுப்பில் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே காய்ச்சலில் படுப்பான்.

எஸ்.ஐ. பொறுமையாகத்தான் கேட்டார். "டீச்சர், புள்ளைக்கும் நாய்க்கும் முடிச்சுப் போடாதீங்க. அவரு கூப்பிட்டாரு, அது வந்துச்சு. நான் கண்ணால கண்டத எழுதுதேன்."

கண்ணால் கண்டதை எழுதுகிறவர்களால்தான் எனக்கு இந்த மாதம் முழுக்கத் தலைவலி.

ஏப்ரல் 24, வியாழன்

கோர்ட். காலையிலிருந்து காத்திருந்து மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். ஜெயசீலனின் வக்கீல் டாக்டர் சான்றிதழைப் படித்தார், எஸ்.ஐ. அறிக்கையைப் படித்தார். பிறகு ஒரு படத்தை நீட்டினார். எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்த அதே படம். "கைப்பற்றப்பட்ட அன்றே எடுத்தது. நாய் நல்ல நிலைமையில இருக்கு. கூட இருக்கிற அம்மாவும் சந்தோஷமா இருக்காங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரஹ்மத் எழுந்து என்னென்னவோ சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். காயம் அந்தப் படத்திலும் இருந்தது, மஞ்சளுக்கும் கட்டுக்கும் அடியில். யார் கட்டை அவிழ்த்துப் பார்ப்பது?

தோல் பட்டைதான் போடவேண்டும், நிழலும் தண்ணீரும் வேண்டும், கோர்ட் கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு நாயை ஜெயசீலனிடமே ஒப்படைக்க உத்தரவு. கேஸ் ஆகஸ்டுக்கு ஒத்திவைப்பு.

சாயங்காலம் அவர் ஆள் மினி லாரியில் வந்தான். கருப்பட்டி தானாகவே ஏறிக்கொண்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஏறமாட்டேன் என்று ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம்.

ஏப்ரல் 25

தாழ்ப்பாள் மாற்றினோம். மற்றவர்களுக்குச் சோறு வைத்தேன்.

மே 2, வெள்ளி

சும்மா போய் எட்டிப் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள். பரணில் கிடந்த பழைய குக்கரை எடுத்துக்கொண்டு ஜெயசீலன் கடைக்குப் போனேன்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. ஏ, டீச்சருக்கு ஒரு டீ சொல்லு" என்றார். உத்தரவில் இருந்த எல்லாமே அங்கே இருந்தன. புதுத் தோல் பட்டை, தகரக் கூரை, தண்ணீர்ச் சட்டி. சட்டியில் தண்ணீரும் இருந்தது. கருப்பட்டி ஒரு லாரி அச்சுக்கு அடியில் படுத்திருந்தாள். முன்னங்கால் ஒன்று வீங்கியிருந்தது.

"இரும்புல இடிச்சிக்கிட்டா" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

நான் "கருப்பட்டி" என்றேன்.

வந்தாள். தவழ்ந்து வந்தாள். காது ஒட்டி, வால் மடங்கி, நுனி மட்டும் ஆட, என்னிடம். என் செருப்புக்குப் பக்கத்தில் மல்லாந்தாள். தரை ஈரமாயிற்று.

"ஒங்கள மறக்கல பாத்தீங்களா" என்றார் ஜெயசீலன்.

டீ வந்தது. குடித்தேன். என்ன சுவை என்று தெரியவில்லை. அவராகவே பேசத் தொடங்கினார்.

"ஒரு வார்த்த சொல்லுதேன், தப்பா எடுக்காதீங்க. மொதல்லயே வந்து நாயத் தாங்கன்னு கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். கம்பி போட்டது ஆசைக்கா போட்டேன்? சங்கிலி போட்டா சங்கிலியத் திருடிட்டுப் போறான். இப்பம் பேப்பர்ல பேரு வந்துட்டு. மககிட்ட மாமியார் வீட்ல கேக்காவ, ஒங்கப்பா நாயச் சித்ரவதை செஞ்சாராமேன்னு."

"முதுகுல சூடு?"

அவர் எடைக்கல்லை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். "வெல்டிங் பொறி பறக்கும்லா" என்றார். பிறகு, "கேஸ வாபஸ் வாங்குங்க டீச்சர். நாயக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு இது எதுக்கு? குலைக்கவே மாட்டேங்கு. வாறவன் போறவன் காலடியில எல்லாம் போயிப் படுக்கு. காவல் நாயக் கெடுத்து வச்சிட்டீங்க. எத்தன தடவ சொன்னாலும் அதுக்கு வெளங்கல."

எதை வைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீங்கிய காலைப் பார்த்தேன்.

மே 9, வெள்ளி

ரஹ்மத்தோடு சண்டை. இதுவரை அவளிடம் குரலை உயர்த்தியதில்லை.

"நீங்க புகார வலியுறுத்தலன்னு எழுதிக் குடுத்தா அவரு செஞ்சது ஒண்ணுமில்லன்னு ஆயிரும் டீச்சர். அடுத்த கேஸுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

"இந்தக் கேஸு எப்ப முடியும்?"

"ரெண்டு வருசம் ஆகலாம். மூணும் ஆகலாம்."

"ஜெயிச்சா?"

"அபராதம்."

"எவ்ளோ?"

"ஒரு பிரியாணி வெலைக்கும் கம்மி" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் மாறியது. "டீச்சர், நீங்க ஒரு நாயப் பாக்கீங்க. நான் வரப்போற நாயப் பாக்கேன்."

"வரப்போறது வரட்டும். வந்தது அங்க கெடக்கு."

"அதுக்கு யாரு காரணம்னு நான் சொல்ல வேண்டாம்னு பாக்கேன்."

சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். இசக்கியப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான், "பேனா இருக்கா?" என்றேன்.

மே 14, புதன்

எழுதிக் கொடுத்தாயிற்று. 'தவறான புரிதலால் கொடுக்கப்பட்ட புகார்' என்ற வரி ரஹ்மத் எழுதியது. வேறு எந்த வரியும் செல்லாதாம். கையெழுத்து என்னுடையது. என் கையெழுத்துக்கு ஸ்டேஷனில் மதிப்பு என்று சொன்னது சரிதான். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

இசக்கியப்பன் தெரிந்தவரின் ஆட்டோவை வாங்கிக்கொண்டு வந்தார். ஜெயசீலன் கருப்பட்டியின் கயிற்றை என் கையில் கொடுத்தார். தோல் பட்டையையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். பெருந்தன்மையாகத்தான் இருந்தார். "மனசுல எதயும் வச்சிக்கிடாதீங்க டீச்சர்."

காலின் வீக்கம் இறங்கவில்லை. ஆட்டோவில் சீட்டுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். காப்பகத்துக்கு இல்லை, இவளை என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஹோசூர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது பின்னால் கீச்சென்று ஒரு சத்தம். லாரி அச்சுக்குப் பக்கத்தில், கருப்பட்டி கிடந்த அதே இடத்தில், ஒரு குட்டி. பால்மணம் மாறாத செவலைக் குட்டி. கழுத்தில் சணல் கயிறு.

"ராத்திரிக்கு ஒரு சத்தம் வேணும்லா" என்றார் ஜெயசீலன்.

தவறான புரிதல் என்று எழுதிக் கொடுத்தவள் நான். இசக்கியப்பன் இன்ஜினை அணைக்காமல் முன்னால் பார்த்தபடி, "எறங்காதீங்க டீச்சர்" என்றார். இறங்கினேன். குட்டியைத் தூக்கவில்லை, கயிற்றைத் தளர்த்தவில்லை. என் போனில் அதைப் படம் எடுத்தேன். கழுத்தை, முதுகை, நாலு காலையும். ஜெயசீலன் முகம் சுருங்கிற்று. "எதுக்கு டீச்சர்?"

"அழகா இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழம கொஞ்சம் பழைய இரும்பு கொண்டு வாறேன், அப்பவும் ஒண்ணு எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

வீட்டில் இனி இரும்பு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்கவேண்டும்.

குட்டி என் கைவிரலைக் கடிக்க வந்தது. யாரென்றே தெரியாத என்னைப் பார்த்து அதன் பின்பாதி உடம்பு முழுக்க ஆடியது. வால் முதுகுக்கு மேலே, கம்பு நட்டதுபோல் நின்று ஆடியது. வீடு வந்து சேரும்வரை எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. வெள்ளிக்கு வெள்ளி நான் பார்க்கப்போவதும் அதைத்தான். அது எந்த வாரம் இறங்கத் தொடங்குகிறது என்று.

இதை யாராவது படிக்க நேர்ந்தால் ஒன்று செய்துபாருங்கள். உங்கள் தெருவில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தால், தடவிக்கொடுக்கக் கையை நீட்டுமுன், அது எந்த உயரத்தில் ஆடுகிறது என்று பாருங்கள்.